சுபத்துக்கு ரெண்டு டிஸ்க்

கொஞ்சம் காலை அந்தப் பக்கம் வச்சுக்கிறீங்களா தம்பி? மிதிச்சிடாதீங்க, கீழ இருக்கிறது எங்க மாமனார்.

பயப்படாதீங்க, ஃப்ளெக்ஸ்தான். உருட்டி வச்சிருக்கேன். பிரிச்சா பத்தடி உயரம், ஆறடி அகலம். அவரும் ஆறடி ஆளுதான். அதனால சீட்டுக்குக் கீழ நீட்டிப் படுக்க வச்சதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டாரு. உசுரோட இருந்தப்பவும் என்கூட வந்தா அவருக்கு நான்தான் டிக்கெட் எடுப்பேன். இன்னைக்கும் நான்தான் எடுத்திருக்கேன்.

நீங்க எது வரைக்கும்? பேராவூரணியா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முந்தியே பூவாணிக்காடு கைகாட்டியில இறங்கிடுவேன். என் பேரு தெட்சிணாமூர்த்தி. திருத்துறைப்பூண்டியில ஃப்ளெக்ஸ் கடை. தோள்ல லேப்டாப் பை கிடக்கே, கம்ப்யூட்டர் வேலையா? அப்ப உங்ககிட்ட ஒரு நியாயம் கேட்கணும். என் பொண்டாட்டி கமலவேணி கோவிச்சுக்கிட்டு அவ அப்பா வீட்டுல போய் உட்கார்ந்திருக்கா. நாளைக்கு அவ அப்பாவுக்கு வருஷத் தெவசம். இந்தப் படம் நல்லபடியா அங்க நின்னாத்தான் என்கூடத் திரும்பி வருவேன்னு சொல்லிட்டா. எல்லாம் ஒரு டிஸ்க்கால வந்தது. தப்பு யாரு மேலன்னு முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

நம்ம தொழில் எப்படின்னா, காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கட்சிக்காரன் பொறந்தநாளு, கடைசியா கண்ணீர் அஞ்சலி. எங்க ஊருல ஒரு மனுசன் எத்தனை தடவை என் மிஷினுக்குள்ள போயி வெளிய வருவான்னு கணக்கே கிடையாது. கடையில மூணு சிஸ்டம், மூணுலயும் படம் சிதறிக் கிடக்கும். ஒரு ஆளோட படத்தைத் தேடணும்னா கடையே எந்திரிச்சு நிக்கும்.

அப்பதான் அந்த அசிங்கம் நடந்துச்சு. ஒரு வாத்தியார் வீட்டுக் கல்யாணம். டிசைன் பண்ற பொண்ணு அன்னைக்கு லீவு. சரி, நமக்குத் தெரியாத வேலையான்னு நானே உட்கார்ந்தேன். புதுசா எதுக்கு ஆரம்பிக்கணும்னு இருந்த ஃபைல் ஒண்ணைத் திறந்து, உள்ள இருந்த ஆளைத் தூக்கிட்டு மாப்பிள்ளை பொண்ணை வச்சேன். கறுப்பைத் தூக்கிட்டு ரோஸ் போட்டேன். பேரு மாத்தினேன், தேதி மாத்தினேன். மண்டப வாசல்ல ஏத்திக் கட்டின பிறகுதான் கீழ்வரியைப் படிச்சிருக்காங்க. 'ஆழ்ந்த துயரத்தில், மாமன் மச்சான்கள்.'

சிரிக்காதீங்க தம்பி. அந்த மாமன் மச்சான்கள்ல ரெண்டு பேரு, 'போர்டுல இருக்கிறது சரிதான், விட்டுடுங்க'ன்னு சொன்னாங்களாம், அது வேற விஷயம். வாத்தியார் என்னைத் தேடிக் கடைக்கே வந்துட்டாரு. நான் பின்வாசல் வழியா சாப்பிடப் போயிட்டேன்.

இதுல என் தப்பு என்ன இருக்கு? நல்லதும் கெட்டதும் ஒரே டிஸ்க்ல ஒண்ணா உருண்டு கிடந்தா வேற எப்படி நடக்கும்? வீட்டுல கல்யாணப் பத்திரிகையும் காரியப் பத்திரிகையும் ஒண்ணா வைப்போமா? காரியப் பத்திரிகையைப் படிச்ச கையோட கிழிச்சுல்ல போடுவோம்? இங்க எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள அடைச்சு வச்சிருக்கோம்.

அதனாலதான் மூணு சிஸ்டத்துக்கும் பொதுவா ஒரு சர்வர் போடுறதுன்னு முடிவு பண்ணினேன். தஞ்சாவூர்லேருந்து வளவன்னு ஒரு பையன் வந்தான். என்ஜினியர். கெட்டிக்காரன்தான், ஆனா சொன்னதைச் செய்யாம ஏன் எதுக்குன்னு கேட்கிற ரகம். ரெண்டு பெரிய டிஸ்க் கொண்டுவந்தான். "அண்ணே, ரெண்டையும் மிரர் போட்டுடுறேன். ஒண்ணுல எழுதுறது அப்பவே இன்னொண்ணுலயும் எழுதிக்கும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு ஓடிக்கிட்டே இருக்கும்"னான். கண்ணாடின்னு சொல்றியே, இடது வலது மாறிடாதான்னு கேட்டேன். மாறாதுண்ணேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னான்.

"சரி, எனக்கு உள்ள ஒரு சுவரு வேணும்"னேன்.

"பார்ட்டிஷனா?"

"என்னமோ. நல்லது ஒரு பக்கம், மத்தது ஒரு பக்கம். ஒண்ணு இன்னொண்ணை எட்டிப் பார்க்கக் கூடாது."

அதுக்கு ஃபோல்டரே போதும்னு அவன் எவ்வளவோ சொன்னான். ஃபோல்டருங்கிறது துணித் திரை மாதிரி, காத்தடிச்சா விலகும். எனக்குச் சுவருதான் வேணும்னு நின்னுட்டேன். சரின்னு கீபோர்டு முன்னாடி உட்கார்ந்து, "சுபத்துக்கு எவ்வளவு இடம், மத்ததுக்கு எவ்வளவு? இப்பவே சொல்லிடுங்க, பின்னாடி மாத்துறது பெரிய வேலை"ன்னான்.

பத்துல ஒன்பது பங்கு சுபத்துக்குன்னேன்.

"மிச்சம் பத்தாதுண்ணே."

"தம்பி, சாவுக்குன்னு தாராளமா இடம் ஒதுக்கி வச்சா அதை நிரப்ப யாரைக் கூப்பிடுறது? நம்ம ஊரு ஆளுங்களையா?"

நான் கேட்டது நியாயம்தானே, சொல்லுங்க? தலையைச் சொறிஞ்சுக்கிட்டே கீபோர்டு பக்கம் திரும்பிட்டான். ஆனா பக்கத்து சீட்டுலேருந்து ரிஸ்வானா திரும்பினா. அவதான் என் டிசைனர். முத்துப்பேட்டைக்காரி. ரேஷன் கார்டுல நகம் அளவுக்கு இருக்கிற மூஞ்சியை வச்சுக்கிட்டு ஆளையே எழுப்பி உட்கார வச்சிடுவா, அப்படி ஒரு கை. "அண்ணே, கல்யாணக்காரங்க ஒரு தடவைதான் வருவாங்க. இறந்தவங்க வீட்டுலதான் பதினாறு, வருஷம்னு வந்துக்கிட்டே இருப்பாங்க. கல்யாணப் பொண்ணை மறுபடி போட்டோ எடுக்கலாம், இவங்களை எங்க போயி எடுக்கிறது?"ன்னா.

"நீ பாட்டுக்கு அபசகுனமாப் பேசாத, வேலையைப் பாரு"ன்னேன்.

வளவன் விடல. "சரிண்ணே, சின்னதாவே இருக்கட்டும். ரெண்டு பக்கத்தையும் மிரர் போட்டுடவா?"

"சுபத்துக்கு மட்டும் போடு. ஒரு மனுசன் ஒரு தடவைதான் சாகிறான், அவனுக்கு எதுக்கு ரெண்டு டிஸ்க்கு?"

"அப்ப ரெண்டாவது டிஸ்க்ல அந்த அளவு இடம் சும்மா கிடக்குமே."

"கிடக்கட்டும். என் பாட்டெல்லாம் அதுல ஏத்திடு."

பழைய பாட்டு நிறைய சேர்த்து வச்சிருக்கேன் தம்பி, மிஷின் ஓடும்போது கேட்கிறதுக்கு. அதுக்கு அப்புறமும் அந்தப் பையன் வாய் சும்மா இல்ல. மிரரை மட்டும் நம்பாதீங்க, எல்லாத்தையும் தனியா ஒரு காப்பி எடுத்து வீட்டுல வச்சுக்கங்கன்னான். ஊருல செத்தவங்க எல்லாரையும் நான் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணுமாம், எப்படி இருக்கு கதை? அந்தச் சின்னப் பக்கத்துக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு கேட்டான். அந்த வார்த்தையை எழுத எனக்கு மனசு வரல. 'மற்றவை'ன்னு போடச் சொன்னேன்.

ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணை ஒண்ணு பார்த்து எழுதிக்க ஆரம்பிச்சுச்சு. எத்தனை சதவீதம்னு திரையில ஓடிக்கிட்டே இருந்துச்சு. ராகுகாலத்துல போயி முடியப்போகுதேன்னு, கொஞ்சம் நிறுத்திட்டு அப்புறம் விடேன்னு கேட்டேன். அந்தப் பையன் பார்த்த பார்வை இருக்கே. ஆனா நிறுத்தினான். சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, கற்பூரம் காட்டி, அதுக்கு அப்புறம்தான் கடையைத் திறந்தேன்.

இனிமேதான் மாமனார் கதை. பேரு வைரக்கண்ணு. தென்னந்தோப்பு, மாடு கன்னு எல்லாம் உண்டு. பொண்ணுக்கு அரசாங்க மாப்பிள்ளை தேடிக்கிட்டு இருந்த மனுசன். எப்படியோ நான் அமைஞ்சுட்டேன். அதுலேருந்து என்னைப் பார்த்து ஒரு தடவை சிரிச்சது இல்ல. பேரு சொல்லிக் கூப்பிட்டதும் இல்ல. யாராவது கேட்டா, 'எம்மவளை ஒரு போர்டு எழுதுறவனுக்குக் குடுத்திருக்கேன்'பாரு. அப்ப நான் பிரஷ் வச்சு எழுதிக்கிட்டு இருந்தேன், சரி. அதுக்கு அப்புறம் மிஷின் வந்து, கடை வந்து, ரெண்டு ஷட்டர் ஆச்சு. அவருக்கு மட்டும் நான் கடைசி வரைக்கும் போர்டு எழுதுறவன்தான்.

எனக்கு அது வலிச்சுது தம்பி. சும்மா சொல்லல. பொங்கலுக்குப் போவேன், தீபாவளிக்குப் போவேன், முன்னாடி போயி நிப்பேன். 'ம்'பாரு. அந்த 'ம்'முக்காக நான் முத்துப்பேட்டையில இறங்கி அல்வா வேற வாங்கிக்கிட்டுப் போவேன்.

கடைசியா படுத்த படுக்கையா இருந்தப்ப பார்க்கப் போனேன். கண்ணைத் திறந்து பார்த்தாரு. ரூமுல வேற யாரும் இல்ல. "எனக்கு எத்தனை அடி அடிப்ப?"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்படியெல்லாம் பேசாதீங்க மாமான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன், வந்தது வேற. "பத்தடி மாமா"ன்னேன். "ம். பார்க்கலாம்"னு கண்ணை மூடிக்கிட்டாரு. என் தொழிலைப் பத்தி அவரு என்கிட்ட பேசினது அது ஒண்ணுதான்.

போட்டோன்னாலே ஆகாது அவருக்கு. கேமராவைத் தூக்கினா எந்திரிச்சுப் போயிடுவாரு. ஆதார் கார்டுல ஒண்ணு இருக்கு, அதைப் பெருசாப் போட்டா போலீஸ் தேடுற ஆளுன்னு நினைப்பாங்க. உருப்படியா இருக்கிறது எங்க கல்யாண ஆல்பத்துல நின்ன ஒரு படம். அதுவும் கஜா புயல்ல கூரை பறந்து ஆல்பம் ஊறிப்போயி, மிஞ்சின நாலு பக்கத்தை ரிஸ்வானா காய வச்சு ஸ்கேன் பண்ணி வச்சிருந்தா. அந்தப் படத்துல மனுசன் என்னை முறைச்சுக்கிட்டு நிக்கிறாரு. தாலி கட்டுற மாப்பிள்ளையை ஒரு மாமனார் இப்படியா பார்ப்பாரு?

"எங்கப்பா சிரிச்ச மாதிரி வேணும்"னு கமலவேணி ரிஸ்வானா கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. அந்தப் பொண்ணு ரெண்டு மூணு நாள் குனிஞ்ச தலை நிமிரல. பதினாறாம் நாள் பந்தல்ல ஏத்தினோம் பாருங்க. பத்தடி வைரக்கண்ணு, வாய் நிறையச் சிரிப்பு! ஊரே வந்து பார்த்துச்சு. இந்த மனுசனுக்கு இவ்வளவு நல்ல பல்லு இருந்துச்சான்னு அவரு கூடப் பொறந்தவங்களே கேட்டாங்க. கமலவேணி அப்படியே நின்னு பார்த்துட்டு என் பக்கம் திரும்பினா. "எங்கப்பா மனசு மொத்தமும் இந்தச் சிரிப்புல இருக்கு. உங்களுக்கு ஒரு நாளாவது இப்படிச் சிரிக்க வந்திருக்கா?"ன்னா.

துக்க வீடு, நான் பந்திக்கு இலை போடப் போயிட்டேன்.

அதுக்கு அப்புறம் 'மற்றவை' நிறைஞ்சுபோச்சு. இடம் வேணும்ணேன்னு ரிஸ்வானா கேட்டுக்கிட்டே இருந்தா. பழசை அழின்னேன். யாரைண்ணே அழிக்கிறது, பேரு சொல்லுங்கன்னா. அது என்ன கேள்வி? ஒரு நாள் காதணி விழா ஃபோல்டரைத் திறக்கிறேன், சின்னப் புள்ளைங்களுக்கு நடுவுல மாலை போட்டுக்கிட்டு ஒரு பெரியவரு உட்கார்ந்திருக்காரு. எனக்கு வந்துச்சே கோவம்! சுவரைத் தாண்டிக் கொண்டுவந்து வச்சிருக்கா. கடையில கஸ்டமர் இருக்கிறதுகூடப் பார்க்காம கத்திட்டேன். "சரிண்ணே, இனிமே உங்க கண்ணுல படாது"ன்னா. அடுத்த மாசமே வேலையை விட்டுட்டா. நான் திட்டினதாலன்னு கமலவேணி சொல்றா. அதெல்லாம் இல்ல. அவளுக்கே சொந்தமாக் கடை போடணும்னு ஒரு எண்ணம் இருந்திருக்கு.

அந்தா, முத்துப்பேட்டை வந்துடுச்சு. இந்தப் பக்கம் பாருங்க. மருந்துக்கடைக்கு மேல மாடியில பச்சை போர்டு தெரியுதா? அதுதான் அவ கடை. எழுத்தைப் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. நான் பழக்கினது.

சரி, விஷயத்துக்கு வரேன். போன மாசம் காலையில கடையைத் திறந்தா சர்வருக்குள்ளேருந்து டக்கு டக்குன்னு சத்தம். பல்லி கத்துதுன்னு நினைச்சேன். வளவனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துட்டு, முதல் டிஸ்க் போச்சுண்ணேன்னான். எனக்குக் கொஞ்சமும் பதறல. "அதான் மிரர் இருக்கே"ன்னேன். இருக்குதான். சுபம் மொத்தமும் ரெண்டாவது டிஸ்க்ல சிரிச்சுக்கிட்டு இருக்கு. ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து குறையல. "மற்றவை?"ன்னேன். அவன் என்னையே பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். 'அப்பவே சொன்னேனே'ங்காம, செத்த டிஸ்க்கைக் கழட்டி என் கையில குடுத்தான், அதுவே பெரிய மரியாதை.

ஊருல செத்த அத்தனை பேரும் மறுபடி போயிட்டாங்க தம்பி. மாமனார் உட்பட.

பதினாறாம் நாள் போட்ட ஃப்ளெக்ஸ் இருக்கேன்னு பார்த்தா, அதை மாட்டுக் கொட்டகைக்குக் கூரையா இழுத்துக் கட்டியிருக்காங்க. வெயில்ல வெளுத்து, மீசைப் பக்கம் மாடு நக்கி வச்சிருக்கு. கமலவேணி போன்ல ஒரு படம் இருந்துச்சு, பந்தல்ல தள்ளி நின்னு எடுத்தது. அதைப் பத்தடிக்கு இழுத்து அடிச்சுக் காட்டினேன். மாமனார் கட்டம் கட்டமாத் தெரிஞ்சாரு. "இது எங்கப்பா இல்ல, குறுக்கெழுத்துப் போட்டி"ன்னு சொல்லிட்டு என்னாச்சுன்னு விசாரிச்சா. நான் ஒளிக்காமச் சொன்னேன். எது போச்சு, எது இருக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தேனா, என் பாட்டெல்லாம் ரெண்டாவது டிஸ்க்ல பத்திரமா இருக்குன்னு ஒரு ஆறுதலுக்காகச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"எங்கப்பா இருக்க வேண்டிய இடத்துல உங்க பாட்டு இருக்கா?"

அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா. எங்கப்பாவோட சிரிப்பைக் கொண்டுவந்தா வாங்க, இல்லாட்டி நீங்களும் உங்க பாட்டும் அங்கயே இருங்கன்னுட்டா.

நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. செத்த டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோயி அரிசி டிரம்முல புதைச்சு வச்சேன். தண்ணியில விழுந்த போனை அப்படித்தானே வைப்பாங்க? தண்ணியில விழலையேன்னு நீங்க கேட்பீங்க, வளவனும் கேட்டான். எனக்கு அந்த நேரத்துல தோணினது அது. அப்புறம் பூஜை அலமாரியில வச்சுத் திருநீறு பூசினேன். சென்னையில தூசியில்லாத ரூமுல வச்சுப் பிரிச்சுப் பார்க்கிற ஆளுங்க இருக்காங்களாம். அவங்ககிட்ட அனுப்பலாம்னு வந்து எடுத்த வளவன், டிஸ்க் ஓட்டையில அரிசித் தவிடும் திருநீறும் இருக்கிறதைப் பார்த்துட்டு, இதை என்னன்னு சொல்லி அனுப்புறதுன்னு தலையில கை வச்சுக்கிட்டான்.

வீட்டுல தனியா இருந்தா தெரியும் தம்பி. அவ இருந்தா ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பா, வாயை மூடுன்னு நானும் சொல்லுவேன். இப்ப அந்த வீட்டுல குக்கர்தான் சத்தம் போடுது. பாட்டுக் கேட்கலாம்னு போட்டேன். ஒரு பாட்டுகூட முழுசாக் கேட்க முடியல.

வேற வழியில்லாம ரிஸ்வானாகிட்ட போனேன். போகணும்னு எனக்கே தோணிச்சு, வளவன் சொன்னதாலன்னு வச்சுக்காதீங்க. படியேறி உள்ள போனா, நாலு பேரு உட்கார்ந்திருக்காங்க. "உட்காருங்கண்ணே, வரிசையில கூப்பிடுறேன்"ங்கிறா! நான் முதலாளியா இருந்தவன். உட்கார்ந்தேன். வாங்கிக்கிட்டுப் போன அல்வா மடியில சூடு ஆறிப்போச்சு.

என் முறை வந்துச்சு. சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அக்கா அழுதாங்களா?"ன்னா. ஆமான்னேன். "நீங்க?"ன்னா. நான் எதுக்கு அழப்போறேன்?

"அண்ணே, அன்னைக்குத் திட்டினீங்க இல்ல, அப்பவே எனக்குப் பயம் வந்துடுச்சு. அந்தப் பக்கம் ஒரே டிஸ்க், போனா எல்லாரும் போயிடுவாங்கன்னு. அதனால எல்லாரையும் சுபம் பக்கம் ஒரு காப்பி எடுத்து வச்சுட்டேன். அங்க இருக்கிறதையும் அப்படியே விட்டுட்டேன், காலியாத் தெரிஞ்சா நீங்க கேட்பீங்களே."

"எந்த ஃபோல்டர்ல? நான் வாரா வாரம் பார்ப்பேனே!"

"நீங்க திறக்கவே மாட்டீங்கன்னு தெரிஞ்ச ஒரு ஃபோல்டர்தாண்ணே இருந்துச்சு. உங்க கல்யாண ஃபோல்டர்."

இது என்ன பேச்சு, சொல்லுங்க? வேலை இருக்கிறவன் சொந்தக் கல்யாணப் படத்தைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பானா? சுத்தி உட்கார்ந்திருந்தவங்க வேற சிரிக்கிறாங்க. எந்திரிச்சேன். வாசல் வரைக்கும் வந்து ரெண்டு விஷயம் சொன்னா. ஒண்ணு, இனிமே இறந்தவங்களுக்கும் ரெண்டு டிஸ்க் போடணும்னு. நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்னேன். ரெண்டாவது, "மாமா ஃபைல்ல எதையும் அணைச்சிடாதீங்கண்ணே"ன்னா. சொல்லும்போது உதட்டை ஒரு மாதிரி மடிச்சுக்கிட்டா. அப்ப எனக்குப் புரியல.

பட்டுக்கோட்டை தாண்டிட்டோமா? பேச்சுல தெரியவே இல்ல. இந்தாங்க, கடலை எடுத்துக்குங்க. அம்மா, பார்த்து, அதை மிதிக்காதீங்க, ஆளு இருக்கு!

கடைக்கு வந்து திறந்தேன். 'அண்ணன் கல்யாணம்'னு ஃபோல்டர். உள்ள பூரா ஊருல போனவங்க. டீக்கடைக்காரரு, ரைஸ்மில் கணக்குப்பிள்ளை, காதணி விழாவுல உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரு, எல்லாரும் என் கல்யாணத்துக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. ரிஸ்வானா போன பிறகு வந்த நாலஞ்சு பேரு மட்டும்தான் இல்ல, அவங்க படம் அவங்கவங்க வீட்டுப் போன்லயே இருக்கு. இப்ப சொல்லுங்க, சுபத்துக்கு ரெண்டு டிஸ்க் போடச் சொன்னது யாரு? நான்தானே? அன்னைக்கு நான் அதைச் சொல்லலைன்னா இவங்கெல்லாம் பொழைச்சிருப்பாங்களா? இதைப் போன்ல கமலவேணிகிட்ட சொன்னா ஏத்துக்க மாட்டேங்கிறா.

மாமனார் ஃபைலைத் திறந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஒண்ணு மேல ஒண்ணா கண்ணாடித்தாள் அடுக்கின மாதிரி இருக்கும், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பேரு, எதை வேணும்னாலும் அணைச்சு மறைச்சுக்கலாம். மாமா முகம். மாமா மீசை. வேட்டி. மாலை. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, 'அண்ணன் வாய்'.

எந்த அண்ணன்? எனக்கு ஒண்ணும் விளங்கல. எதையும் அணைக்காதீங்கன்னு சொன்னா இல்ல, உடனே அதை அணைச்சேன். மாமனார் முறைச்சாரு. அதே முறைப்பு, கல்யாணத்தன்னைக்கு முறைச்ச முறைப்பு. பயந்துபோயித் திரும்பப் போட்டேன். சிரிச்சாரு. அணைச்சேன், முறைச்சாரு. போட்டேன், சிரிச்சாரு. கடைக்கு வந்த ஆளுங்க பின்னாடி நிக்கிறதுகூடத் தெரியாம இதையே பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்.

போன் போட்டேன். "அணைச்சீங்களா?"ன்னுதான் எடுத்தா. சிரிக்கிறா, அடக்க முடியல அவளுக்கு. "அக்கா சிரிப்பு வேணும்னு அழுதாங்கண்ணே. யாரு வாயை வச்சுப் பார்த்தாலும் மாமா மூஞ்சிக்குப் பொருந்தல. அந்த ஆல்பத்துல மிஞ்சின படத்துல ஒரே ஒரு ஆளுதான் அப்படிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. அந்த ஆளு மீசையைத் தூக்கிட்டு வாயை மட்டும் வச்சேன், அச்சா உட்கார்ந்துடுச்சு."

அந்தப் படத்தையும் தேடித் திறந்தேன் தம்பி. ஓரமெல்லாம் தண்ணி பட்ட கறை. மாலையும் கழுத்துமா ஒரு பய நிக்கிறான். மாமனார் முறைக்கிறது அவனுக்குத் தெரியுது, ஆனா அவன் அந்தப் பக்கம் பார்க்கல. கமலவேணியைப் பார்த்துக்கிட்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறான். யாருடா இதுன்னு எனக்கே இருந்துச்சு. அந்தச் சிரிப்பை எப்ப நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. அந்த மூஞ்சியைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கடைக்காரன் அழுதா யாவாரம் என்னாகுமோன்னு துடைச்சுக்கிட்டேன்.

அப்புறம் அடிச்சு எடுத்ததுதான் இது. பத்தடி. சொன்ன அளவு.

இப்ப நினைச்சுப் பாருங்க. காலமெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்காத மனுசன், செத்த பிறகு என் வாயைக் கடன் வாங்கித்தான் ஊருக்குச் சிரிக்கிறாரு. உங்களுக்கு இப்படிச் சிரிக்க வந்திருக்கான்னு என் வாயைப் பார்த்தே என்னைக் கேட்கிறா என் பொண்டாட்டி! போனதும் சொல்லிடலாம்னுதான் பஸ் ஏறினேன். அடியே, அது உங்கப்பன் சிரிப்பு இல்ல, நான் உன்னைப் பார்த்துச் சிரிச்ச சிரிப்புன்னு. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா சொன்னா அவளுக்கு அப்பா திரும்பவும் முறைச்சுக்கிட்டுல்ல நிப்பாரு? அவ அந்த ஒரு சிரிப்பை நம்பித்தான் இந்த ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கா. வேண்டாம். சொல்ல மாட்டேன்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. நாளைக்குப் பந்தல்ல இந்தப் படம் நிக்கும். பக்கத்துல மாப்பிள்ளைன்னு நான் நிக்கணும். நான் வாயைத் திறந்து ஒரு தடவை சிரிச்சேன்னு வைங்க, பத்தடி உயரத்துல அதே வாய். ஊருக்கே தெரிஞ்சுபோயிடும். அதனால நாளைக்குப் பூரா நான் சிரிக்கக் கூடாது. வாயை இறுக்கி மூடிக்கிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கப்போறேன். பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க? மாமனார் மேல எவ்வளவு பாசம் பாரு, ஒரு வருஷமாகியும் மாப்பிள்ளை தேறலன்னு சொல்லுவாங்க. நல்ல பேருதான் கிடைக்கும். அந்த மட்டுக்கும் மாமனாரால எனக்கு ஒரு லாபம்.

கைகாட்டி வந்துடுச்சு. கொஞ்சம் அந்த முனையைப் பிடிங்க, மெதுவா, தலைப் பக்கம் அதுதான். கண்டக்டர், இருங்க, ஆளு இறங்குது!

அந்தா நிக்கிறா பாருங்க, புளியமரத்தடியில, ஊதாப் புடவை. அவதான். எதிர்ல வந்து நிப்பான்னு நான் நினைக்கவே இல்ல. இந்தச் சுருள் அவ கண்ணுல பட்டுடுச்சுபோல, கையை ஆட்டுறா. ஓடியே வர்றா தம்பி. இப்பவே பிரிச்சுப் பார்க்கணும்பா, நடுரோட்டுலயே பிரிப்பா, பக்கத்துலயே நான் நிக்கணும்.

ஐயோ, எனக்குச் சிரிப்பு வருதே.